இரண்டு பத்திரிகை, ஒரே பெயர்ப் பட்டியல்

பிரபு,

போன செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய செய்தியை இதுவரை ஏழெட்டு முறை படித்துவிட்டேன். "அம்மா, புரோகிராமைச் சரி பண்ணிட்டேன். இனிமே நகல் எடுத்தா ரெண்டும் தனித்தனியா இருக்கும். நிவேதா வீட்டுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு, தைரியமா எடு" என்று எழுதியிருக்கிறாய். உன் கல்யாணப் பத்திரிகையை நான்தான் அடித்துத் தரவேண்டும் என்று நீயும் நிவேதாவும் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்ததோ, இதைப் படித்தபோது அவ்வளவு பயமாக இருந்தது. தைரியமாக என்று போட்டாயே, அதை வேண்டுமென்றே போட்டாயா, சும்மா வாய்க்கு வந்ததைப் போட்டாயா? அது தெரியாமல் கடையைத் திறந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஓர் எழுத்துகூட அடிக்காமல் இரண்டு நாள் போனது. போனில் கேட்டிருக்கலாம். போனில் நான் ஆரம்பித்தால் அது சண்டையில்தான் முடியும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். நடுவில் முன்னுக்குப் பின் முரணாக ஏதாவது வந்தால் பொறுத்துக்கொள். குழம்பிப்போய்த்தான் எழுதுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் இருபத்தாறு வருஷமாக ஜெராக்ஸும் டி.டி.பி.யும் போடுகிறவள் நான். நகல் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து அந்த ஜெராக்ஸ் மேல் டீயைக் கொட்டினால் ரேஷன் கார்டில் கறை படியாது. எனக்குத் தெரிந்த நகல் அவ்வளவுதான். நீ கல்லூரி முடித்த வருஷம், அம்மா ஒவ்வொரு பத்திரிகையையும் முதலிலிருந்து அடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று எனக்காக அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தாய். மணமக்கள் பெயர், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் தனித்தனிக் கட்டங்கள். அதற்குள்ளே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு வருகிற உறவினர் பெயர்ப் பட்டியல். ஓரத்தில் 'நகல் எடு' என்று பச்சைப் பொத்தான். அந்தப் பட்டியலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? நகைக்குக்கூட அவ்வளவு சண்டை வராது. ஒருத்தர் ஸ்கேல் எடுத்துக்கொண்டு வந்து தன் பெயரையும் மச்சான் பெயரையும் அளந்து பார்த்துவிட்டு, மச்சான் பெயர் அரை மில்லிமீட்டர் பெரிசாக இருக்கிறது என்று கடை வாசலில் நின்று கத்தினார். அப்போது நீ உள்ளே உட்கார்ந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். நம் வீட்டுக் கல்யாணத்திலும் அந்தப் பட்டியல்தான் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.

இனிமேல் எழுதப்போவதை இந்த ஒன்றரை வருஷத்தில் நேற்றுவரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உன் அக்கா கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகை போட்டோம். நம் சொந்தத்துக்குக் கொடுக்க ஒன்று. சிங்கப்பெருமாள் கோவிலில் சம்பந்தி வீட்டார் அவர்கள் ஆட்களுக்குக் கொடுக்க இன்னொன்று. நிச்சயத்தன்று சம்பந்தியம்மா என்னிடம், உங்கள் தம்பி என்ன செய்கிறார், எங்கே இருக்கிறார் என்று கேட்டார்கள். கம்பெனியில் சூப்பர்வைசர், கீழ்க்கட்டளையில் சொந்த வீடு என்றேன். எஸ்தரைக் கட்டிக்கொண்டு உன் மாமா டேவிட் செல்வராஜ் ஆனதையும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஜெபம் நடத்துவதையும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவுமில்லை. அவர்கள் மனசில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஒருவேளை ஒன்றுமே இருந்திருக்காது. பயம் என் மனசில்தான் இருந்தது. கோயில் பக்கத்து நிலக்காரர்கள், பரம்பரையாக உற்சவத்துக்கு முன்னால் நிற்கிறவர்கள், பத்திரிகையில் தாய்மாமன் என்று முதல் வரியில் டேவிட் என்று பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று நானாக ஒன்றை நினைத்துக்கொண்டேன். அதனால் நம் பத்திரிகையை நகல் எடுத்து, அவர்களுக்குப் போகிற நகலில் மட்டும் அவன் வரியை எடுத்துவிட்டேன். ஆமாம், நான்தான் எடுத்தேன். என் கையால், அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தி.

செய்வதைச் சாமர்த்தியமாகச் செய்கிறேன் என்றுதான் நினைப்பு. நகல் எடுத்ததும் முதலில் சோதித்துப் பார்த்தேன். நகலில் மேல் வரியை மாற்றினேன், மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி. பிறகு நம் பத்திரிகையைத் திறந்து பார்த்தால் அதில் பழைய வரி அப்படியே இருந்தது. முகூர்த்த நேரத்தை ஒரு தடவை மாற்றிப் பார்த்தேன், அதுவும் அந்தப் பக்கம் போகவில்லை. சரி, இரண்டும் தனித்தனிதான் என்று நம்பி, நகலின் பெயர்ப் பட்டியலுக்குள் போய்த் தம்பியை எடுத்தேன். நம் பத்திரிகையை மறுபடி திறந்து பார்க்கவில்லை. ஊரார் பத்திரிகையை மூன்று முறை பிழை பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்புவேன். பெற்ற மகள் பத்திரிகையை, அதில்தான் நான் கையே வைக்கவில்லையே என்கிற தெனாவட்டில் அப்படியே அனுப்பிவிட்டேன்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தானே. வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகைக் கட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போனேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். மறுபடி முன்பக்கம் வந்தான். "அக்கா, என் பேரு?" என்று மட்டும் கேட்டான். நான் பிடுங்கிப் பார்த்தேன். தாய்மாமன் வரி இருந்த இடத்தில் உன் அத்தை பெயர் ஏறி உட்கார்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எடுத்தது அந்தப் பத்திரிகையில், காணாமல் போனது இந்தப் பத்திரிகையில். சாமி கண்ணைக் குத்திவிட்டது என்றுகூடத் தோன்றியது. வாய் மட்டும் தன்பாட்டுக்குப் பேசியது. பிரபு எழுதிய புரோகிராமில் ஏதோ கோளாறு, அவன் எப்போதும் அவசரக்காரன் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் என் எதிரிலேயே உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பெயர் எப்படிடா போச்சு என்றான். நீ, "ஆமா மாமா, என் புரோகிராம்லதான் தப்பு. மன்னிச்சிடுங்க" என்றாய்.

அவன் போனை வைத்தான். வேறு அடிக்கிறேன் என்றேன். அத்தனையும் அச்சடித்தாச்சு, கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, விடுக்கா என்று சொல்லிவிட்டு ஐம்பது பத்திரிகையை எண்ணி வாங்கிக்கொண்டான். கல்யாணத்துக்கு வந்தான். மாமன் சீர்த்தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தான். பட்டம் கட்ட மாமனைக் கூப்பிட்டபோது நாற்காலி காலி, வண்டியை நகர்த்தி நிறுத்தப் போயிருக்கிறான் என்றார்கள். என் பெரியம்மா மகன்தான் ஏறிக் கட்டினான். அன்றைக்கு நீ மேடை ஓரத்தில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகு அவன் உன்னோடு பேசவில்லை. நீ பெங்களூருக்குப் போனபோது தாம்பரம் ஸ்டேஷனுக்கு வரவில்லை. உன் நிச்சயத்துக்குக் காய்ச்சல் என்றான். அவனுக்குக் காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பா போன பிறகு உன்னை வளர்த்ததில் பாதி அவன்தானே பிரபு. கம்பெனியில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, அந்தப் பெரிய பழைய மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் மாறி வந்தானே. கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே. நீ கற்றுக்கொண்டதெல்லாம் அந்த மானிட்டரில்தான். அதில் படித்த பையன் எழுதிய புரோகிராம்தான் தன் பெயரைத் தின்றுவிட்டது என்று அவன் நம்பும்படி நான் விட்டேன். அவன் உன்மேல் கோபமாக இருக்கிறான் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலு வாரத்தில் உனக்கு மாலை எடுத்துக் கொடுக்க மாமன் வேண்டும். இந்த முறையும் பெரியம்மா மகன்தான் வந்து நிற்க வேண்டுமா?

என்ன நடந்தது என்று அப்போதே நீ எனக்கு விளக்கினாய், நினைவிருக்கிறதா? புரோகிராம் செய்ததற்கு ஷாலோ காப்பி என்று பெயர், செய்திருக்க வேண்டியது டீப் காப்பி என்றாய். நான் முழித்தேன். "அம்மா, பீரோ சாவிக்கு டூப்ளிகேட் போட்டா இன்னொரு பீரோவா வரும்? சாவிதான் ரெண்டு, பீரோ ஒண்ணுதான்" என்றாய். மேலே இருந்த கட்டங்களைப் புரோகிராம் உண்மையாகவே நகல் எடுத்ததாம். உள்ளே இருந்த பட்டியலை எடுக்காமல், பட்டியல் எங்கே இருக்கிறது என்கிற குறிப்பை மட்டும் எடுத்துவைத்ததாம். அதனால் எந்தப் பத்திரிகை வழியாகப் போய்க் கைவைத்தாலும் அதே ஒரே பட்டியலில்தான் கை படுமாம். டீப் காப்பி என்றால் பீரோவையும் அதற்குள் இருக்கிற துணிமணியையும் சேர்த்துப் புதிதாகச் செய்வது. புரிந்தது என்று தலையாட்டினேன். கடைக்கு வந்ததும் புரியவில்லை. அப்படியானால் நான் சோதித்தபோது மேல் வரி மட்டும் ஏன் சரியாக இருந்தது என்று மறுபடி குழம்பி, மறுபடி புரிந்து, மறுபடி குழம்பி, அது இன்னும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் உன் விளக்கத்தில் தெளிவாக இருந்தது. பட்டியல் தானாக யாரையும் வெளியே தள்ளாது. யாரோ ஒருத்தர் சாவியைப் போட்டுத் திறந்து எடுத்தால்தான் போகும். அதை நீ எனக்கு விளக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து விளக்கினாய்.

அப்படியென்றால் மாமாவிடம் நீ சொன்னது பொய்யா, நிஜமா? புரோகிராமில் தப்பு இருந்தது, அது நிஜம். பெயர் போனது அதனால் மட்டும்தான் என்றால், அது பொய். பாதி நிஜத்தைச் சொல்லி என்னைக் காப்பாற்றினாய். இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று என்னை அரிக்கிறது. உன் புரோகிராம் அன்றைக்குச் சரியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தம்பி கையில் தன் பெயர் போட்ட பத்திரிகை, சம்பந்தி கையில் அவன் பெயர் இல்லாத பத்திரிகை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்திருப்பார்கள், நான் நடுவில் நல்லவளாக நின்றிருப்பேன். என் களவு பிடிபட்டது உன் தப்பால்தான். அதற்காக உன்னைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அதைச் சரி பண்ணிவிட்டேன், தைரியமாக எடு என்கிறாய். எனக்கு அந்தத் தைரியம் வேண்டாம் ராசா. நீயும் வைத்துக்கொள்ளாதே. நிவேதாவிடம் அம்மாவைப் பற்றி ஒரு மாதிரியும் அம்மாவிடம் நிவேதாவைப் பற்றி ஒரு மாதிரியும் பேசலாம் என்று தோன்றும். முதல் வருஷத்தில் எல்லா ஆம்பிளைக்கும் தோன்றும். இரண்டும் தனித்தனியாக இருக்கும் என்று நம்பித்தான் ஆரம்பிப்பார்கள். பேசுகிற ஆள் ஒருத்தன்தானே, எங்கே கைவைத்தாலும் அவன்மேல்தான் படும். பார்த்தாயா, உன் பீரோவை நானே எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டேன். சரியாகத்தான் வைத்தேனா என்று நீதான் சொல்ல வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, பல்லாவரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸில் கீழ்க்கட்டளைக்குப் போனேன். அவர்கள் ஜெபம் முடிந்து சாப்பிட உட்காருகிற நேரம். எஸ்தர் எனக்கும் தட்டு வைத்தாள். சோற்றில் கை வைக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று, செல்வம், உன் பெயரை எடுத்தது நான்தான், பிரபு ஒன்றும் செய்யவில்லை, என்னைக் காப்பாற்றத்தான் அவன் தலையில் போட்டுக்கொண்டான் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். சம்பந்திக்குப் பயந்தேன் என்பதையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் எழுந்து போவான், கத்துவான் என்றெல்லாம் நினைத்துப் போயிருந்தேன். அவன் குழம்பை ஊற்றிக்கொண்டே தெரியும் என்றான்.

"முப்பது வருஷமா மெஷினோட கீறேன்க்கா. மெஷின் கெட்டா எல்லாத்தையும் கெடுக்கும். ஒருத்தன் பேரை மட்டும் பாத்து எடுக்காது."

அப்புறம் ஏன் பிள்ளையோடு பேசவில்லை என்று கேட்டேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது, தப்பு செய்தவள் நான் என்பதே மறந்துபோனது. தெரிந்தேவா ஒன்றரை வருஷம் அவனைத் தண்டித்தாய் என்று எகிறினேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பேரு போனது உன்னால. அது அக்கா தம்பி விஷயம், வுட்டுட்டேன். அவன் நான் தூக்கி வளத்த பையன். ஏன்டா போச்சுன்னு கேட்டா, தெரியாது மாமான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். எங்கிட்ட பொய் சொல்லிட்டான். அது எனக்குத் தாங்கல."

நான் ஒன்றரை வருஷமாக வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எஸ்தர் உள்ளே போய்ப் பீரோவிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துவந்து என் தட்டுப் பக்கத்தில் வைத்தாள். உன் அக்கா கல்யாணப் பத்திரிகை. உறவினர் பட்டியலுக்கு மேலே இருந்த சின்ன இடத்தில், நீல மையில், அச்செழுத்து மாதிரி நுணுக்கி நுணுக்கி, 'தாய்மாமன்: டேவிட் செல்வராஜ் – எஸ்தர், கீழ்க்கட்டளை' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு வாங்கிக்கொண்டு போன ஐம்பது பத்திரிகையிலும் அப்படித்தான் எழுதினானாம். இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக. அக்கா மறந்துவிட்டாள் என்று யாரும் உங்களைச் சொல்லக்கூடாதே என்றுதான் எழுதினார் என்றாள் எஸ்தர். ஐம்பது வீட்டில் என் மானத்தை அவன் பேனாவால் காப்பாற்றியிருக்கிறான். நான் இந்தப் பக்கம் சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். பிரபு, எனக்கு அப்படி ஒரு வெட்கம் வாழ்க்கையில் வந்ததில்லை.

கிளம்பும்போது பையிலிருந்து உன் பத்திரிகையின் புரூஃபை எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை ஒருவழியாக உட்கார்ந்து அடித்திருந்தேன். நகல் எடுக்கவில்லை. நிவேதா வீட்டுக்கும் நமக்கும் ஒரே பத்திரிகை, ஒரே பட்டியல். தாய்மாமனைத்தான் முதல் வரியில் போட்டிருந்தேன், கொஞ்சம் பெரிய எழுத்தில்கூட. அதைப் பார்த்ததும் அவன் முகம் மலரும் என்று நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு மாதிரியே நிதானமாகப் படித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து முதல் வரியில் என்னவோ எழுதி, மடித்துக் கொடுத்தான். பஸ்ஸில் உட்கார்ந்துதான் பிரித்துப் பார்த்தேன். 'தாய்மாமன்: செல்வராஜ்' என்று அடித்திருந்தேன். அதற்கு முன்னால், நீல மையில், 'டேவிட்' என்று சேர்த்திருந்தான். சத்தியமாக இந்த முறை வேண்டுமென்று செய்யவில்லை. ஐம்பது வருஷமாகச் செல்வம் என்று கூப்பிட்ட வாய், கையும் பழைய பெயரையே அடித்துவிட்டது. இல்லை, அதுவும் பொய்யோ என்னவோ. இன்னும் எனக்குள்ளே எங்கேயோ பயம் உட்கார்ந்திருக்கிறதோ. நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புரூஃபை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நான் திருத்தப்போவதில்லை, என் கையை இப்போதைக்கு நான் நம்பவில்லை. நீயே அந்தப் பெயரை அடித்து அச்சுக்கு அனுப்பு. அனுப்புவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு போன் போடு. இந்தத் தடவை ஏன்டா பொய் சொன்னாய் என்று கேட்டால், அம்மாவுக்காக என்று சொல்லிவிடு, என்னைக் காப்பாற்ற வேண்டாம். மாமா நம்பர் அதே நம்பர்தான், மாற்றவில்லை.

அம்மா